கூடாரத்தடியில் ஒரு மாநாடு: பேக்கோஸ் கூட்டம் தென்மேற்குத் தொல்லியலுக்கு என்ன செய்தது?

ஆகஸ்ட் வந்தால் அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனாவிலோ நியூ மெக்சிகோவிலோ கொலராடோவிலோ யூட்டாவிலோ, ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு புல்வெளியில் பெரிய கூடாரம் ஒன்றைப் போடுகிறார்கள். சுற்றிலும் சின்னச் சின்னக் கூடாரங்கள், புழுதி படிந்த வண்டிகள், நடமாடும் கழிப்பறைகள். உள்ளே மடக்கு நாற்காலிகளில் தொப்பி போட்ட கூட்டம். முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோடையில் தான் தோண்டிய இடத்தில் என்ன கிடைத்தது என்று பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார். அந்தப் பக்கத்தில் அது மழைக்காலம். பிற்பகலில் இடி முழங்கி, காற்றில் கூடாரத்துணி படபடக்கும். பேசுகிறவர் குரலை உயர்த்திக்கொள்வாரே தவிர நிறுத்த மாட்டார்.

இதற்குப் பெயர் பேக்கோஸ் மாநாடு. 1927இல் தொடங்கியது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், ஒப்பந்த நிறுவனங்களில் வேலை பார்க்கும் களத் தொல்லியலாளர்கள், முதல் அகழாய்வை அப்போதுதான் முடித்துவிட்டுக் கை காய்த்துப்போய் வந்திருக்கும் மாணவர்கள் எல்லோரும் கலந்து உட்காருகிற கூட்டம். குளிரூட்டிய அரங்கமும் கழுத்தில் அடையாள அட்டையும் கொண்ட தொல்லியல் மாநாடுகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. அவற்றில் பலவற்றின் பெயர் பத்து வருடத்தில் மறந்துபோகிறது. இந்தப் புல்வெளிக் கூட்டமோ, ஒரு பெரும் நிலப்பரப்பின் பழங்காலத்தைப் பற்றிப் பேசுவதற்கான சொற்களையே உண்டாக்கிக் கொடுத்தது. அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அது எப்படி நடந்தது, அந்தக் கூடாரத்துக்குள் யாருக்கு இடமில்லாமல் போனது என்ற இரண்டும்தான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

பானை வேட்டைக் காலம்

1900களின் தொடக்கத்தில் தென்மேற்கில் தொல்லியல் என்றால் பெரும்பாலும் பானை வேட்டைதான். கிழக்குக் கடற்கரை அருங்காட்சியகங்கள் ஆள் அனுப்பும். வந்தவர்கள் மலைச்சரிவு வீடுகளையும் குகைகளையும் குடைந்து, உடையாத பானையாகப் பார்த்து எடுத்துப் பெட்டியில் அடைத்து ரயிலில் ஏற்றிவிடுவார்கள். உடைந்த ஓடுகளை யாரும் சீண்டுவதில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பது ஒரு பக்கம். கேள்வியைக் கேட்டவர்களே குறைவு.

மாணவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதற்கு 1907இல் நடந்த ஒரு கதை போதும். எட்கர் ஹியூயெட் என்ற தொல்லியலாளர் ஹார்வர்டிலிருந்து வந்த மூன்று இளைஞர்களைக் கொலராடோ, யூட்டா எல்லையருகே ஒரு மேட்டின் உச்சிக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்கெட்டிய பள்ளத்தாக்குகளையெல்லாம் கையை வீசிக் காட்டி, இங்கே இருக்கும் இடிபாடுகளை அளந்து பதிவு செய்யுங்கள், சில வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் பாடம். அந்த மூவரில் ஜான் கோல்ட் ஃபிளெட்சர் பின்னாளில் கவிஞராகிப் புலிட்சர் பரிசு வாங்கினார். சில்வேனஸ் மோர்லி மாயா ஆய்வில் பெரிய பெயரானார். மூன்றாமவர் ஆல்ஃபிரட் கிடர்.

கிடர் ஹார்வர்டுக்குத் திரும்பி, எகிப்தில் முறையாக அகழ்ந்து பேர்பெற்ற ஜார்ஜ் ரைஸ்னரிடம் கள முறைகளைக் கற்றுக்கொண்டார். அதே சமயத்தில் நியூ மெக்சிகோவின் கலிஸ்டியோ பகுதியில் நெல்ஸ் நெல்சன் ஒரு பழைய குப்பைமேட்டைத் தேர்ந்தெடுத்து, ஓர் அடி ஓர் அடியாக வெட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் என்ன வகை ஓடு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இன்று முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி அன்று அந்த மண்ணில் புதிது.

பேக்கோஸ் கிடரின் கைக்கு வந்தது 1915இல். சான்டா ஃபேவுக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கும் காட்டெருமைச் சமவெளிக்கும் நடுவிலுள்ள கணவாயில் இருந்த ஊர் அது. நான்கைந்து அடுக்குக் கட்டடங்களில் சுமார் 2,000 பேர் வாழ்ந்தார்கள். மேற்கிலிருந்து சோளமும் பானையும், கிழக்கிலிருந்து தோலும் இறைச்சியும் அங்கே கைமாறின. 1540இல் ஸ்பானியர் வந்து பார்த்தபோது அது அந்த வட்டாரத்தின் வலிமையான ஊர்களில் ஒன்று. பிறகு நோய், தாக்குதல், இடம்பெயர்வு என்று தேய்ந்து, 1838இல் மிஞ்சியிருந்த இருபது பேருக்கும் குறைவானவர்கள் மேற்கே ஹேமெஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பல நூற்றாண்டு தொடர்ந்து ஆள் வாழ்ந்த ஊர் என்பதால் குப்பையும் பல நூற்றாண்டுக்கு இருக்கும் என்பது கிடரின் கணக்கு. கணக்கு தப்பவில்லை. மேட்டின் கிழக்குச் சரிவில் சில இடங்களில் 20 அடி ஆழத்துக்குக் குப்பை அடுக்கடுக்காகக் கிடந்தது.

அந்தக் குப்பையில் கிடர் பார்த்ததை ஒரு ஓட்டைக் கையில் எடுத்தால்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரு கிண்ணத்தின் வாய்விளிம்புத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு அல்லது மங்கிய மஞ்சள் பரப்பில் ஈயம் கலந்த கருமைப் பளபளப்பில் கோடு இழுத்திருக்கும். கவனிக்க வேண்டியது அந்தக் கோலத்தைவிட விளிம்பின் வெட்டுமுகம். ஓட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால், ஆகக் கீழடுக்கில் கிடைத்தவற்றில் கிண்ணத்தின் சுவர் எந்தத் தடிமனில் இருக்கிறதோ அதே தடிமனில் விளிம்பும் முடிந்துவிடும். மேலே வரவர விளிம்பு தடிக்கும், சாயும், நீளும். கடைசி அடுக்குகளில் பளபளப்பு மருந்து கட்டுக்குள் நிற்காமல் வழிந்து ஓடியிருக்கும். குயவர் அவசரப்பட்டாரா, மருந்தின் கலவை மாறியதா என்பது வேறு கேள்வி. ஆனால் கட்டைவிரல் அளவு விளிம்புத் துண்டு இருந்தால் அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். கீழடிச் செய்திகளில் கறுப்பு சிவப்பு ஓடு என்று படிக்கும்போது தொல்லியலாளர்கள் ஏன் இவ்வளவு பரவசப்படுகிறார்கள் என்று தோன்றியவர்களுக்கு இதுதான் விளக்கம்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அந்தப் பானைகளை எல்லாம் பேக்கோஸ்காரர்களே செய்தார்கள் என்றுதான் கிடர் நினைத்திருந்தார். 1930களில் அன்னா ஷெப்பர்ட் என்ற ஆய்வாளர் ஓடுகளைக் கண்ணாடித்தாள் போல மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார். களிமண்ணோடு கலந்திருந்த கல்துகள்கள் பேக்கோஸ் பக்கத்துக் கல் அல்ல. பெரும்பங்கு கலிஸ்டியோ பகுதியைச் சேர்ந்தது. அதாவது நூற்றுக்கணக்கான பானைகள் வெளியூரிலிருந்து விலைக்கு வந்தவை. ஊருக்கு ஊர் தன் பானையைத் தானே செய்துகொண்டது என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி. துறை அதை முழுதாக ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டு ஆனது.

1927: முதலில் பேச ஒரு மொழி

கிடரின் சிக்கல் இதுதான்: பேக்கோஸ் குப்பைமேடு அவருக்கு ஒரு வரிசையைக் கொடுத்தது. வடமேற்கு நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் தோண்டிய நீல் ஜட்டிடம் வேறொரு வரிசை. வடக்கே ஏர்ல் மாரிஸிடம் இன்னொன்று. ஒருவர் ‘பழைய’ என்று சொல்வது இன்னொருவருக்கு ‘நடுக்காலம்’. அறிக்கைகள் அச்சில் வரப் பத்து வருடம்கூட ஆகும். அதுவரை ஒருவர் தோண்டியது இன்னொருவருக்குத் தெரிய வழி, யாராவது ரயிலேறிப் போய்ப் பார்ப்பதுதான்.

அதனால் 1927 ஆகஸ்ட் கடைசியில் கிடர் எல்லோரையும் தன் அகழாய்வு முகாமுக்கே அழைத்தார். 40க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஜட், மாரிஸ், மோர்லி, மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர், அரிசோனாவிலிருந்து பைரன் கம்மிங்ஸ், மரவளையங்களை எண்ணிக்கொண்டிருந்த ஏ. ஈ. டக்ளஸ் என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகள் பலரும் இருந்தார்கள். கம்மிங்ஸோடு வந்தவர்களில் எமில் ஹாரி என்ற மாணவரும் ஒருவர். அவரைப் பிறகு பார்ப்போம்.

மூன்று நாள் மரத்தடியில் பேசினார்கள். நோக்கத்தைக் கிடர் ஒளிவுமறைவில்லாமல் வைத்தார்: ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது, அடிப்படைக் கேள்விகளைச் சேர்ந்து பேசுவது, எல்லோருக்கும் பொதுவான பெயரிடல் முறை ஒன்றுக்கு வழி செய்வது. மூன்றாவது நோக்கத்தின் விளைவுதான் பேக்கோஸ் வகைப்பாடு.

அந்த வகைப்பாடு எட்டுப் படிகள் கொண்டது. முதல் மூன்று ‘கூடைமுடைவோர்’ படிகள், அடுத்த ஐந்து ‘புவெப்லோ’ (ஸ்பானிய மொழியில் ‘ஊர்’) படிகள். கூடைமுடைவோர் இரண்டாம் படியில் வேளாண்மை உண்டு, ஈட்டியெறி கருவி உண்டு, பானை கிடையாது. மூன்றாம் படியில் பானை வந்துவிடுகிறது, குழிவீடுகளில் வாழ்கிறார்கள். புவெப்லோ ஒன்றில் தரைக்கு மேல் அறைகள் எழும்புகின்றன. இரண்டில் சிற்றூர்கள் நாலாபக்கமும் பரவுகின்றன, சமையல் பானையின் உடல் முழுவதும் நெளிநெளியாகச் சுருள்மண் (கயிறுபோல உருட்டிச் சுற்றிய களிமண்) தடம். மூன்றில் பெரிய பெரிய ஊர்கள். நான்கில் நிலப்பரப்பு சுருங்குகிறது. ஐந்து, ஸ்பானியர் வந்த பிறகு, ஏறக்குறைய 1600 முதல் இன்றுவரை.

கூடைமுடைவோர் முதல் படியைச் சொல்லாமல் விட்டேன். அப்படி ஒரு மக்களை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. வேளாண்மைக்கு முன் வேட்டையாடி வாழ்ந்த ஒரு கட்டம் இருந்தே தீர வேண்டும், கிடைக்கும்போது வைத்துக்கொள்ளலாம் என்று காலி நாற்காலியாகப் போட்டு வைத்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. பின்னாளில் அந்த இடத்தை வேறு பெயரில், மிக நீண்ட வேட்டை சேகரிப்புக் காலம் ஒன்று நிரப்பியது. ‘கூடைமுடைவோர் 1’ என்ற சொல் மெல்ல வழக்கொழிந்தது.

தவறுகளும் இல்லாமலில்லை. புவெப்லோ ஒன்றாம் படியின் அடையாளங்களில் ஒன்றாகத் தட்டையான பின்மண்டையைச் சேர்த்தார்கள். முந்தைய எலும்புக்கூடுகளில் மண்டை நீளமாக இருந்தது, பிந்தியவற்றில் தட்டையாக இருந்தது. ஆகவே புது இனம் ஒன்று உள்ளே வந்திருக்கிறது என்று பலர் எண்ணினார்கள். 1940களில் மண்டையோடுகளை மறுபடி அளந்து பார்த்தபோது மக்கள் மாறவில்லை என்று தெரிந்தது. மாறியது குழந்தையைக் கட்டிவைக்கும் தொட்டில் பலகைதான். மென்மையான அடிப்பக்கம் போய்க் கெட்டியான பலகை வந்திருக்கிறது, அவ்வளவே. ஒரு படையெடுப்பே இப்படித் தொட்டிலில் முடிந்தது.

ஆண்டு எண் வந்தது

இந்த எட்டுப் படிகளில் ஒன்றுக்கும் 1927இல் ஆண்டு கிடையாது. எது முந்தி, எது பிந்தி என்று சொல்லலாம். கி.பி. எத்தனை என்று கேட்டால் ஊகம்தான். அந்த ஊகங்களும் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ஆண்டு ஆளுக்கு ஆள் வித்தியாசப்பட்டன.

பதில், அதே முகாமில் உட்கார்ந்திருந்த டக்ளஸிடம் பாதி இருந்தது. அவர் தொல்லியலாளரே அல்ல, வானியலாளர். பெர்சிவல் லோவெலுக்கு ஃபிளாக்ஸ்டாஃபில் வானாய்வகம் அமைக்க இடம் தேடிக் கொடுத்தவர். செவ்வாயில் கால்வாய் இருக்கிறது என்ற லோவெலின் நம்பிக்கையைச் சந்தேகப்பட்டதால் வேலை போனது. அப்புறம் சூரியப் புள்ளிகளின் சுழற்சிக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க மரங்களின் ஆண்டு வளையங்களை அளக்கத் தொடங்கினார். வறண்ட ஆண்டில் வளையம் மெல்லியது, மழை ஆண்டில் தடித்தது. ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த மெல்லிசு தடிப்பு வரிசை ஒத்துப்போகும். இன்றைய மரத்திலிருந்து பழைய வீட்டின் உத்தரத்துக்கும், அதிலிருந்து இன்னும் பழைய உத்தரத்துக்கும் வரிசையை ஒட்டிக்கொண்டே போகலாம்.

அப்படி ஒட்டிக்கொண்டே போனதில் ஓர் இடத்தில் அறுந்தது. இன்றிலிருந்து பின்னோக்கி 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஒரு சங்கிலி. இடிபாடுகளிலிருந்து எடுத்த உத்தரங்களால் ஆன, 585 ஆண்டு நீளமுள்ள இன்னொரு சங்கிலி தனியாக மிதந்துகொண்டிருந்தது. அது எந்த நூற்றாண்டில் போய் ஒட்டும் என்று தெரியாது. நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கத்தின் பணத்தில் உத்தரம் தேடும் பயணங்கள் நடந்தன.

1929 ஜூன் 22 அன்று அரிசோனாவின் ஷோ லோ என்ற சிற்றூரில், ஓர் இடிபாட்டிலிருந்து கரிந்துபோன உத்தரம் ஒன்று வெளிவந்தது. எடுத்தவர்கள் லிண்டன் ஹார்கிரேவும், முன்னே சொன்ன எமில் ஹாரியும். உதிர்ந்துவிடாமல் இருக்க நூலால் சுற்றி மெழுகில் நனைத்தார்கள். அதற்கு வைத்த எண் ஹெச்ஹெச்-39. அன்றிரவு விடுதியில் பெட்ரோல் விளக்கின் கீழ் டக்ளஸ் வளையங்களை எண்ணினார். ஜட்டும் கூட இருந்தார். உத்தரத்தின் உள்வளையம் 1237. வெளிப்பக்கம் 14ஆம் நூற்றாண்டு வரை போனது. இரண்டு சங்கிலிகளும் அதில் வந்து பொருந்தின. வேடிக்கை என்னவென்றால், அறுந்ததாக நினைத்த இடத்தில் இரண்டும் ஏற்கெனவே சில ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் இருந்தன. 1276 முதல் 1299 வரையிலான கொடும் வறட்சியில் வளையங்கள் மயிரிழைபோல மெலிந்திருந்ததால் டக்ளஸால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரே இரவில் சாக்கோவின் புவெப்லோ போனிட்டோ என்ற பெரிய குடியிருப்பு 10 முதல் 12ஆம் நூற்றாண்டுக்கும், தென்மேற்குக் கொலராடோவின் மேசா வெர்டே மலைச்சரிவு வீடுகள் 13ஆம் நூற்றாண்டுக்கும் வந்து உட்கார்ந்தன. பலர் எண்ணியதைவிட எல்லாமே இளையவை.

சரி, ஆண்டு கிடைத்துவிட்டது. இனி பேக்கோஸ் படிகள் எதற்கு? நியாயமாக அந்த வகைப்பாடு அன்றே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. இன்றைக்கும் கொலராடோவில் ஒரு கள அறிக்கையைப் புரட்டினால் ‘புவெப்லோ 2’, ‘புவெப்லோ 3’ என்றுதான் இருக்கும். பக்கத்தில் 900 முதல் 1150, 1150 முதல் 1350 என்று ஆண்டுகள். முன்னேற்றப் படிகளாகப் பிறந்தவை காலப்பெட்டிகளாக மாறிப் பிழைத்துக்கொண்டன. வகைப்பாடு சரியாக இருந்ததால் பிழைத்தது என்று நான் நினைக்கவில்லை. போட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டதால், அடுத்த தலைமுறை மாணவர்கள் அதையே பேச்சுமொழியாகக் கற்றதால் பிழைத்தது. தனி ஒருவர் எழுதிய இதைவிடத் துல்லியமான வகைப்பாடுகள் நூலகத்தில் தூங்குகின்றன.

அடங்காத தெற்கு

பொதுமொழிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதில் சொல்ல முடியாதது கண்ணில் படாது. பேக்கோஸ் வகைப்பாட்டைப் போட்டவர்களில் பெரும்பாலோர் வடக்கே, மேட்டு நிலத்தில் தோண்டியவர்கள். தெற்கு அரிசோனாவின் பாலைவனத்தில் கதையே வேறு. ஹோஹோகம் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த மக்கள் பெரிய பெரிய பாசனக் கால்வாய்களை வெட்டினார்கள். இன்றைய ஃபீனிக்ஸ் நகரக் கால்வாய்கள் சில அவர்கள் போட்ட தடத்திலேயே ஓடுகின்றன. இறந்தவர்களை எரித்தார்கள். வடக்கே சுருள்மண்ணை வைத்துச் சுரண்டி மழித்துப் பானை செய்தார்கள் என்றால், இவர்கள் உள்ளே கல்லைத் தாங்கி வெளியே பலகையால் தட்டிச் செய்தார்கள். நம் ஊர்க் குயவர் வீட்டில் தட்டுப்பலகையைப் பார்த்தவருக்கு அந்த வேறுபாடு உடனே புரியும். இவர்களை எந்தப் படியில் வைப்பது? புவெப்லோ இரண்டா, மூன்றா? கேள்வியே பொருந்தவில்லை. 1931இல் அரிசோனாவின் குளோப் நகரில், ஹெரால்டு கிளாட்வின் நடத்திய கிலா புவெப்லோ நிறுவனத்தில் ஒரு தனிக் கூட்டம் போட்டுத் தெற்குக்கு வேறு கணக்கு வைக்க வேண்டியதாயிற்று.

ஹாரி இன்னும் ஒரு படி போனார். 1930களின் நடுவில் மேற்கு நியூ மெக்சிகோ மலைகளில் இரண்டு பழைய ஊர்களைத் தோண்டிவிட்டு, மெருகேற்றிய பழுப்புப் பானையும் குழிவீடும் கொண்ட இவர்கள் மூன்றாவது ஒரு மரபு, பெயர் மோகோயோன் என்றார். வடக்கத்தியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. புவெப்லோ பண்பாட்டின் ஏழை உறவினர்தான் அது என்ற வாதம் ஆகஸ்ட் கூட்டங்களில் இருபது ஆண்டு ஓடியது. 1950களின் நடுவில்தான் ஒருவழியாக அடங்கியது. 1927இல் மாணவராக வந்து பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்தான், அந்தப் பெரியவர்கள் போட்ட கட்டத்தை உடைத்தார். மாணவர்களை அழைத்து உட்கார வைப்பதில் இந்த அபாயமும் சேர்ந்துதான் வரும்.

அணையும் சாலையும்

கூட்டம் இடைவிடாமல் நடக்கவில்லை. கிடர் மாயா ஆய்வுக்குப் போனார். 1930களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் களப்பள்ளி நடந்த சாக்கோ பள்ளத்தாக்கில் கூடினார்கள். உலகப் போர் வந்து நின்றது. போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கி, பழைய பெயரோடு இடம் மாறி மாறி நடந்தது. சில முறை எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் போனதுண்டு.

கூட்டத்தை உண்மையில் பெரிதாக்கியவை அணைகள். 1950களின் பிற்பகுதியில் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை எழுந்தபோது, மூழ்கப்போகும் பள்ளத்தாக்குகளில் அவசர அவசரமாக ஆய்வு செய்தார்கள். 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட எந்தத் திட்டமானாலும், அதனால் பழஞ்சின்னங்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். குழாய், சாலை, மின்கம்பி, சுரங்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தொல்லியல் குழு நடக்க வேண்டியதாயிற்று. தென்மேற்குக் கொலராடோவின் டொலோரஸ் நீர்த்தேக்கத்துக்காக 1978 முதல் 1985 வரை நடந்த ஆய்வு ஒன்றே நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலையும் பயிற்சியும் கொடுத்தது.

இப்போது பெரும்பாலான தொல்லியலாளர்களுக்குச் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதில்லை. ஒப்பந்த நிறுவனங்களிலிருந்து வருகிறது. அவர்கள் எழுதும் அறிக்கை அரசு அலுவலக அலமாரிக்குப் போகும். இதழில் வராது, கடையில் கிடைக்காது. குழாய்ப் பாதையில் ஒரு குழிவீடு அகப்பட்டது அடுத்த மாவட்டத்து ஆய்வாளருக்கே தெரியாமல் போகலாம். ஆகஸ்ட் கூட்டத்தின் பத்து நிமிடப் பேச்சு அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. பேசி முடித்ததும் கூடாரத்துக்கு வெளியே, வண்டியின் பின்பலகையில் அட்டைப் பெட்டியைத் திறந்து, ‘இந்த ஓட்டை என்ன வகை என்று சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று நாலு பேர் சேர்ந்து உருட்டிப் பார்க்கும் வேலை தொடங்கும். மாணவருக்கு அங்கே கிடைப்பதைப் பாடநூல் தராது. ஒரே ஓட்டைப் பார்த்து முப்பது வருட அனுபவமுள்ள இருவர் இரண்டு பெயர் சொல்வதை நேரில் கேட்கலாம்; அப்புறம் ஏன் என்று அவர்கள் சண்டை போடுவதையும் கேட்கலாம். அடுத்த கோடைக்கு வேலை கேட்பதும் அங்கேதான். சனிக்கிழமை இரவு ஆட்டம் பாட்டம், ஞாயிறு காலை பக்கத்து இடிபாடுகளுக்கு நடை. நடையில் ஒரு விதி உண்டு: கீழே கிடக்கும் ஓட்டை எடுத்துப் பார்க்கலாம், பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

பேச்சுக்கும் ஒரு மரபு இருக்கிறது. வெட்டவெளிக் கூட்டம், பட்டப்பகல்; திரையில் படம் காட்டுவது நெடுங்காலம் ஒத்துவராத காரியம். சொல்லாலேயே மண்ணடுக்கைக் கண்முன் கொண்டுவர வேண்டும். இதையே வைத்து இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு போட்டி நடத்துகிறார்கள். லிண்டா கார்டெல், ராபர்ட் பவர்ஸ் பெயரிலான பரிசு அது. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், பத்து நிமிடம், கையில் குறிப்பு கூடாது, படம் கூடாது. அரங்க மாநாடுகளில் ஒளிப்படத் திரையைப் பார்த்து வாசித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. இடிபாடு சரியாக எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பொதுவில் சொல்லாமல் விழுங்கிவிடுவார்கள். பானைத் திருடர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கூடாரத்துக்கு வெளியே நின்றவர்கள்

இதுவரை சொன்ன கதையில் ஒரு தரப்பைக் காணவில்லை. 1927இல் பேக்கோஸில் கூடியவர்கள் யாருடைய முன்னோரைப் பற்றிப் பேசினார்களோ அவர்கள் அந்தப் பேச்சில் இல்லை. ஹேமெஸ் ஊரில் பேக்கோஸ் வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள் என்பது கிடருக்கு நன்றாகத் தெரியும். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டு இரு ஊர்களையும் சட்டப்படி ஒன்றாக்கியது. ஹேமெஸ் மக்கள் பேக்கோஸ் பெயரில் ஓர் ஆளுநர் பதவியை இன்றும் வைத்திருக்கிறார்கள். பேக்கோஸின் காவல் தெய்வமான தேவமாதாவின் திருவிழாவை ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொண்டாடுகிறார்கள். ஆய்வாளர்களுக்கு இடிபாடாகத் தெரிந்த ஊர் அவர்களுக்குக் கைவிட்ட ஊர் அல்ல.

ஆனால் குப்பைமேட்டில் ஓட்டோடு கூடவே எலும்பும் வந்தது. பேக்கோஸ்காரர்கள் தங்கள் இறந்தவர்களை அந்த மேட்டில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். தொடக்கத்தில் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டுபிடிக்கும் கூலியாளுக்கு 25 சென்ட் வெகுமதி என்று கிடர் அறிவித்தார். குவியல் குவியலாக வரத் தொடங்கியதும் வெகுமதியைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார். இப்படிச் சுமார் 2,000 பேரின் எலும்புகள் மாசசூசெட்ஸுக்குப் போயின. ஹார்வர்டின் எர்னஸ்ட் ஹூட்டன் அவற்றை அளந்து 1930இல் தடித்த நூலொன்று வெளியிட்டார். அப்புறம் அறுபது எழுபது வருடம் தொடை எலும்பின் வலிமை முதல் பற்சிதைவு வரை அதைவைத்துப் பல ஆய்வுகள் நடந்தன. அறிவியலுக்குப் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. கேட்காமல் எடுத்த பயன்.

1990இல் பூர்வகுடியினரின் கல்லறைப் பாதுகாப்பு, திருப்பித்தரல் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் பெறும் அருங்காட்சியகங்கள் தங்களிடமுள்ள எலும்புகளையும் கல்லறைப் பொருள்களையும் பட்டியலிட்டு, உரிமையுள்ள மக்கள் கேட்டால் திருப்பித் தர வேண்டும். பேக்கோஸ் எலும்புகள் யாருடையவை என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கிடரின் துல்லியமான பதிவுகளே ஹேமெஸ் மக்களுக்குச் சாட்சியாயின. 1999 மே மாதம் ஹார்வர்டிலிருந்து லாரி கிளம்பியது. ஹேமெஸ் மக்கள் நூற்றுக்கணக்கில், 1838இல் முன்னோர் நடந்த பாதையைத் திருப்பி நடந்து, ஏறக்குறைய 80 மைல் கடந்து பேக்கோஸுக்கு வந்து சேர்ந்தார்கள். மே 22 அன்று எல்லோரையும் மறுபடி மண்ணில் இட்டார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் அதுவரை நடந்தவற்றில் அதுதான் மிகப் பெரிய ஒப்படைப்பு.

அந்த மாற்றம் மெதுவாகக் கூடாரத்துக்குள்ளும் வந்திருக்கிறது. ஜூனி மக்கள் 1970களிலேயே சொந்தமாகத் தொல்லியல் துறை வைத்துக்கொண்டார்கள். நவஹோவும் ஹோப்பியும் பின்தொடர்ந்தார்கள். இன்று மாநாட்டு மேடையில் பூர்வகுடித் தொல்லியலாளர்கள் பேசுகிறார்கள். புதைப்பின் படத்தைச் சாதாரணமாகக் காட்டிவிட்டுப் போக இப்போது முடியாது. இதனால் ஆய்வு முடங்கிப்போகும் என்று 1990களில் பயந்தவர்கள் நிறையப் பேர். முடங்கவில்லை, கேள்விகள்தான் மாறின. 13ஆம் நூற்றாண்டில் மேசா வெர்டேயை விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று தொல்லியலாளர்கள் பல பத்தாண்டு விவாதித்தார்கள். வடக்கிலிருந்து வந்தோம் என்று ரியோ கிராண்டே கரையின் டேவா மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அதைக் கதை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பிறகு இரு பகுதிகளிலும் கிடைத்த, மக்கள் வளர்த்த வான்கோழிகளின் எலும்பிலிருந்த மரபணுவே அந்தத் திசையைக் காட்டியது.

அண்மையில், 2025இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு இதைவிட முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. வட நியூ மெக்சிகோவின் பிக்குரிஸ் மக்கள் தங்களுக்கும் சாக்கோவுக்கும் உறவு உண்டு என்று வாய்வழியாகச் சொல்லிவந்தவர்கள். தங்கள் முன்னோரின் எலும்புகளிலிருந்தும் தங்கள் உடலிலிருந்தும் மரபணுவை எடுத்துச் சாக்கோ மக்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஆய்வாளர்களை அழைத்ததே அவர்கள்தான். நெருங்கிய தொடர்பு உறுதியானது. முடிவை வெளியிடலாமா, வேண்டாமா என்று சொல்லும் உரிமையும் முதலிலிருந்து கடைசிவரை பிக்குரிஸ் மக்களிடமே இருந்தது. சாக்கோவைச் சுற்றி எண்ணெய், எரிவாயுக் குத்தகை விடும்போதெல்லாம் யாரைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலில் தங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.